மழை நின்ற பிறகும் ஓடை ஓடுவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளைப் பற்றிக் கடந்த இதழில் வெளியான கட்டுரையை ஒட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அணைக்கட்டுகளை விட்டுவிட்டு, ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஆற்றை அறிய விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான் என்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக நீர்ப்பிடிப்புப் பகுதிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மலையில் மழை நின்று பல வாரங்கள் ஆன பிறகும் பாபநாசத்துக்கு மேலே உள்ள ஓடைகளில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. அத்தனை நீரும் மலையில் எங்கே இருக்கிறது? மலைக்குள் பெரிய குகைகளும் ஏரிகளும் இருப்பதாக என் தந்தையார் சொல்வார். அது உண்மையா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தங்கள் தந்தையார் சொன்னதைப் போன்ற கருத்து உலகின் பல பகுதிகளில் நெடுங்காலம் நிலவியது. கடல்நீர் பூமிக்கடியிலுள்ள குகைகளின் வழியாக மலைக்கு ஏறி, உப்பு நீங்கி, ஊற்றாக வெளிப்படுகிறது என்று ஐரோப்பாவில் கற்றறிந்தவர்களே 17-ஆம் நூற்றாண்டு வரை எழுதிவந்தார்கள். ஒரு பேராற்றை நிரப்ப மழை மட்டும் போதாது என்பது அவர்களுடைய எண்ணமாக இருந்தது. பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் செய்ன் ஆற்றின் தலைப்பகுதியில் ஓராண்டில் பெய்யும் மழையையும் அங்கே ஆற்றில் ஓடும் நீரையும் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்து, பெய்த மழை ஓடிய நீரைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தது என்று 1674-இல் எழுதி வெளியிட்டார். மழை போதுமா என்ற ஐயம் அத்துடன் தீர்ந்தது. மீதி ஐந்து பங்கு எங்கே போகிறது என்ற கேள்வி பிறந்தது.

பொதிகை மலையில் ஏரி போன்ற குகைகள் இல்லை. அங்கே உள்ளவை நைஸ், சார்னோகைட் போன்ற மிகக் கெட்டியான பாறைகள். அவை தம் உடலுக்குள் நீரை ஏற்பதில்லை. ஆனால் அந்தப் பாறையின் மேற்பகுதி நீண்ட காலமாக வெயிலிலும் மழையிலும் சிதைந்து, உதிரிக் கல்லும் செம்மண்ணும் கலந்த ஓர் அடுக்காக மாறியிருக்கிறது. அதற்குக் கீழே பாறையில் வெடிப்புகள் இருக்கின்றன. அதற்கு மேலே, காடு இருக்கும் இடங்களில், மக்கிய இலையும் வேரும் மண்புழுத் துளைகளும் நிறைந்த மேல்மண் இருக்கிறது. மழைநீரில் பெரும்பங்கு இந்த அடுக்குகளுக்குள்தான் இறங்குகிறது. இறங்கும் நீர் கெட்டிப் பாறையைத் தொட்டதும் அதற்கு மேல் போக வழியின்றிச் சரிவின் திசையிலேயே பக்கவாட்டில் நகரத் தொடங்குகிறது. அந்த நகர்வு மிக மெதுவானது; பல இடங்களில் ஒரு நாளில் சில அடி தூரம்கூட இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் முகட்டில் பெய்த மழையின் ஒரு பகுதி மாசியிலும் பங்குனியிலும் ஓடைக்கு வந்து சேர்வதற்கு இந்தத் தாமதமே காரணம். மழையில்லாத நாளில் தாங்கள் பார்ப்பது இப்படிக் கசிந்து வந்த நீரைத்தான். பெய்ததில் எஞ்சிய பங்கோ இலைகளின் மேல் தங்கி ஆவியாகியும், மரங்களும் புற்களும் வேர் வழியாக உறிஞ்சி இலை வழியாக வெளிவிட்டும் வானத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது.

ஓர் ஓடையின் தலையை நேரில் பார்த்தால் இது தெளிவாகும். ஊற்றுக்கண் என்று ஒன்றைத் தேடிக்கொண்டு மேலே ஏறினால், பெரும்பாலும் அப்படி ஒரு கண் இருக்காது. சரிவு சற்றே உள்வாங்கிக் குழிந்த ஓர் இடத்தில் இலைச் சருகு ஈரமாக இருக்கும். பத்தடி கீழே ஒரு வேருக்கு அடியில் மண் கறுத்துப் பளபளக்கும். இன்னும் சற்றுக் கீழே விரல் பருமனில் நீர் ஊர்ந்து வரும். அதற்கும் கீழேதான் ஓசை கேட்கும். அந்தத் தலையும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. அடைமழைக் காலத்தில் முகட்டை நோக்கி மேலே ஏறும். கோடையில் கீழே இறங்கும். ஆகவே ஓடையின் நீளமே மாதத்துக்கு மாதம் மாறுகிறது. சிறிய காட்டோடைகளில் கோடை நாட்களில் பகலில் நீர் சற்றுக் குறைந்து, இரவில் மீண்டும் கூடுவதையும் அளந்திருக்கிறார்கள். பகல் முழுவதும் கரையோர மரங்கள் நீரை உறிஞ்சுவதே அதற்குக் காரணம்.

கேள்வி: ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையை எப்படிக் கண்டறிவது? பள்ளிச் செயல்திட்டத்துக்காகக் கேட்கிறேன்.
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, தென்காசி

பதில்: கூரையின் முகட்டில் விழும் மழை இரு புறமாகப் பிரிந்து இரண்டு தாழ்வாரங்களில் வடிவதைப் போல, மலைமுகட்டில் விழும் மழையும் பிரிகிறது. அந்தப் பிரிகோட்டைத் தொடர்ந்து வரைந்தால் கிடைக்கும் வளையமே நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லை. தங்கள் பகுதியிலிருந்தே சொல்கிறேன். அகத்தியமலையின் கிழக்குச் சரிவில் விழும் துளி தாமிரபரணியில் சேர்ந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. அதே மலைத்தொகுதியின் மேற்குச் சரிவில் விழும் துளி நெய்யாற்றில் சேர்ந்து, திருவனந்தபுரம் மாவட்டத்தின் வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது.

செயல்திட்டத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பழுப்பு நிறத்தில் வளைந்து செல்பவை சம உயரக் கோடுகள். எந்த இடத்திலிருந்து நீர்ப்பிடிப்பை அளக்க விரும்புகிறீர்களோ, ஆற்றின் அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இந்தப் புள்ளியை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்; புள்ளி கீழே போகப் போக எல்லையும் விரியும். பிறகு சம உயரக் கோடுகள் கூர்மையாக மடங்கும் இடங்களைப் பாருங்கள். மடிப்பின் கூர்முனை உயரமான பக்கத்தை நோக்கி இருந்தால் அங்கே ஓடை இருக்கிறது. தாழ்வான பக்கத்தை நோக்கி இருந்தால் அது மலையின் முதுகு. புள்ளியிலிருந்து கிளம்பி, முதுகுகளின் வழியாகவே ஏறி, எந்த ஓடையையும் குறுக்கே வெட்டாமல், ஒவ்வொரு சம உயரக் கோட்டையும் செங்குத்தாகக் கடந்து, முகட்டைச் சுற்றி, மறுபுறமாக இறங்கி அதே புள்ளிக்கு வந்து சேருங்கள். வரைந்த கோடு ஓரிடத்திலாவது நீலக் கோட்டை வெட்டினால் அங்கே தவறு இருக்கிறது. பரப்பைக் கணக்கிட, வரைபடத்தின் மேல் கட்டத்தாளை வைத்து எண்ணினாலே போதும்.

சிற்றாற்றைத் தேர்ந்தெடுத்தால் தங்களுக்கு நேரில் போய்ப் பார்க்கவும் வசதியாக இருக்கும். குற்றாலத்துக்கு மேலே தொடங்கி சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கும் வரை, அதன் எல்லைக்குள் காடும், தோப்பும், வயலும், ஊரும், கரிசலும் வருகின்றன. தட்டையான நிலத்துக்கு வந்ததும் சம உயரக் கோடுகள் விலகிவிடுவதால் பிரிகோடு எங்கே போகிறது என்று வரைபடத்தில் தெரியாது. அந்த இடத்தில் வயற்காரர்களிடம் கேளுங்கள். எந்த வரப்பிலிருந்து மழைநீர் எந்தப் பக்கம் போகும் என்பதை அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

கேள்வி: குற்றாலத்தில் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அருவியில் திடீரென்று வெள்ளம் வந்துவிடுகிறது. முன்கூட்டியே அறிய வழி உண்டா?
– கடை வைத்திருக்கும் வாசகர், செங்கோட்டை

பதில்: பழைய குற்றால அருவியில் 2024 மே 17 அன்று இப்படித் திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு மாணவர் உயிரிழந்தார். அந்தத் துயரத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியை விரிவாகப் பேசாமல் கடந்துபோக முடியாது.

ஓர் ஆறு மழைக்கு எவ்வளவு விரைவாக மறுமொழி தருகிறது என்பது பெரும்பாலும் அதன் நீர்ப்பிடிப்பின் பரப்பையும் சரிவையும் பொறுத்தது. திருநெல்வேலிப் பாலத்தில் ஆற்றின் மட்டம் உயர, மேலே பல இடங்களில் பெய்த மழை பல மணி நேரம் பயணம் செய்து ஒன்றுசேர வேண்டும். அந்த இடைவெளியில் எச்சரிக்கை விடுக்க முடிகிறது. குற்றாலத்து அருவிகளுக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்போ சிறியது, செங்குத்தானது. பல இடங்களில் பாறை வெளியே தெரியும் அளவுக்கு மண் மெல்லியது. அங்கே கனமழை கொட்டினால், அதன் விளிம்பில் விழுந்த நீர்கூடக் குறுகிய நேரத்தில் அருவியின் உச்சிக்கு வந்துவிடும். கோடை இடிமழை ஒரு மலைமடிப்பில் கொட்டி, அடுத்த மடிப்பை நனைக்காமலும் போகும். அதனால் அருவிக்கரையில் நிற்பவருக்கு மழையின் அறிகுறியே தெரிவதில்லை. பேரருவியில் நீர் நடுவே பொங்குமாங்கடல் என்ற ஆழ்ந்த பாறைக்குழியில் விழுந்து பொங்கி வழிவதால் சாதாரண நாட்களில் அதன் வேகம் தணிகிறது. ஆனால் எப்போதும் நிறைந்தே இருக்கும் அந்தக் குழியால் வெள்ளத்தைத் தாங்கி நிறுத்த இயலாது.

இதில் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. காட்டு ஓடைகளில் வெள்ளம் வரும்போது ஓடும் நீர் முழுவதும் அன்று பெய்த மழை என்றே நாம் கருதுகிறோம். மழைநீரிலும் ஓடைநீரிலும் உள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகைகளின்) விகிதத்தை ஒப்பிட்டுப் பார்த்த நீரியல் ஆய்வாளர்கள், காடு அடர்ந்த பல நீர்ப்பிடிப்புகளில் வெள்ளத்தின் பெரும்பகுதி அந்த மழைக்கு முன்பே மண்ணுக்குள் இருந்த பழைய நீர் என்பதைக் கண்டறிந்தார்கள். புதிய மழை மேலிருந்து இறங்கி அழுத்தும்போது, சரிவின் அடிப்பகுதியில் ஏற்கெனவே நிறைந்திருந்த நீர் ஓடைக்குள் தள்ளப்படுகிறது. ஆகையால் நேற்றும் அதற்கு முன்தினமும் மலையில் நல்ல மழை என்றால், இன்றைய சிறு மழைக்கும் ஓடை பெருகும். வெறும் வறட்சிக்குப் பிறகு அதே அளவு மழை பெய்தால், மண் அதைக் குடித்துவிட்டு ஓடைக்குக் கொஞ்சமே விடும். இன்றைய மழையை மட்டும் கேட்டு அருவியின் நிலையை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அறிகுறிகளைப் பொறுத்தவரை, தெளிந்திருந்த நீர் கலங்கத் தொடங்குவது, சருகும் சுள்ளியும் திடீரென்று மிகுதியாக அடித்து வருவது, அருவியின் ஓசை கனத்து மாறுவது ஆகிய மூன்றையும் அனுபவமுள்ளவர்கள் கவனிப்பார்கள். ஆனால் அறிகுறி தெரிவதற்கும் வெள்ளம் வருவதற்கும் இடையில் சில நிமிடங்களே இருக்கலாம். சில வேளைகளில் அதுவும் இருக்காது. மலையின் மேல் மழைமானிகளும், ஓடைகளில் நீர்மட்டத்தை அறிவிக்கும் கருவிகளும் அமைத்து, அவற்றை அருவிக்கரையின் ஒலிபெருக்கியோடு இணைப்பதே உயிர்களைக் காக்கும் வழி என்று உறுதியாகக் கருதுகிறேன். அதுவரை, மேலே மேகம் இறங்கியிருக்கும் நாளில் நீரின் அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி யாரையும் குளிக்க அழைக்காதீர்கள்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அணைகளைத் திறந்ததே காரணம் என்று சிலரும், மழைதான் காரணம் என்று சிலரும் எங்கள் ஊரில் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். மழையையும் ஆற்று நீரையும் ஒரே கணக்கில் பார்ப்பது எப்படி?
– விவசாயி, ஸ்ரீவைகுண்டம்

பதில்: ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் நீர். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். ஆற்றில் விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டிஎம்சி ஆகும்.

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அவ்வளவு மழை எல்லா ஊரிலும் பெய்யவில்லை. ஆனால் 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சராசரியாக 50 சென்டிமீட்டர் பெய்தது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், அது 50,000 கோடி லிட்டர், அதாவது 17 டிஎம்சிக்கும் மேல். பாபநாசம் அணையும் மணிமுத்தாறு அணையும் முழுவதும் நிரம்பினால் இரண்டிலும் சேர்த்து இருக்கக்கூடிய நீர் ஏறத்தாழ 11 டிஎம்சி. மழையின் அளவை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுத் தாங்களே முடிவுக்கு வரலாம்.

இதில் நாம் மறந்துபோவது, சமவெளியும் ஆற்றின் நீர்ப்பிடிப்பே என்பதைத்தான். நீர்ப்பிடிப்பு என்றதும் மலையையும் காட்டையும் மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். தாமிரபரணி வடிநிலத்தில் அணைகளுக்கு மேலே இருப்பது சிறு பகுதியே. திருப்புடைமருதூரில் கடனாநதி வந்து சேர்கிறது. தருவை அருகே பச்சையாறு சேர்கிறது. சீவலப்பேரியில் சிற்றாறு சேர்கிறது. இவை எல்லாம் பாபநாசம் அணைக்குக் கீழே. ஸ்ரீவைகுண்டம் தென்காலில் தண்ணீர் பெறும் கடம்பாகுளம் போன்ற பெரிய குளங்களும், அவற்றைச் சுற்றிய சிறு குளங்களும் நிறைந்து மறுகால் பாயும்போது, அந்த நீருக்கு அணைத் திறப்போடு தொடர்பே இல்லாமல் இருக்கலாம். மேலே உள்ள குளம் உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழே உள்ள குளத்தின் மேல் ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. அது தாங்காமல் அடுத்ததும் உடைகிறது. அணைத் திறப்பின் அளவும் நேரமும் பொதுமக்கள் பார்வைக்கு உடனுக்குடன் வெளியிடப்பட வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதே அக்கறை, குளங்களின் கரைகளிலும் மறுகால்களிலும் கோடைக்காலத்திலேயே காட்டப்பட வேண்டும்.

கேள்வி: மரம் வளர்த்தால் ஆற்றில் நீர் பெருகும் என்கிறார்கள், மரம் நீரை உறிஞ்சிவிடும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
– ஆசிரியை, கோத்தகிரி

பதில்: தங்கள் மாவட்டத்திலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நீலகிரியின் கிளென்மார்கனில், அருகருகே இருந்த, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 32 ஹெக்டேர் பரப்புள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை மண், நீர் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டிலிருந்தும் வரும் நீரைச் சில ஆண்டுகள் அளந்த பிறகு, 1972-இல் ஒன்றில் மட்டும் புல்வெளிப் பகுதியில் தைல மரங்களை நட்டு, மற்றொன்றை இயல்பான சோலையும் புல்வெளியுமாக விட்டுவைத்தார்கள். முதல் பத்தாண்டுகளில், தைல மரம் நட்ட நீர்ப்பிடிப்பிலிருந்து ஆண்டுதோறும் வரும் நீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது.

இதைப் படித்துவிட்டு மரமே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறு. உயர்மலைப் புல்வெளி குறைவாக நீரைச் செலவிடுகிறது; விரைந்து வளரும் தைல மரம் ஆண்டு முழுவதும் ஆழத்திலிருந்து நீரை எடுத்துச் செலவிடுகிறது. புல்வெளியை அழித்து அந்த மரத்தை நட்டதால் ஓடைக்கு வர வேண்டியது குறைந்தது. அதே வேளையில், கால்நடையும் வண்டியும் மிதித்து இறுகிய வெற்று நிலத்தில், மழை மண்ணுக்குள் இறங்க வழியின்றி மேலோடு ஓடிவிடுகிறது. அங்கே மழைநாளில் செந்நீர் வெள்ளமும் பத்தாம் நாளில் வறண்ட ஓடையும்தான் மிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தில் அந்த மண்ணுக்கு உரிய செடி கொடிகளும் மரங்களும் திரும்ப வந்தால், ஆண்டு மொத்த நீர் சற்றுக் குறைந்தாலும், மண் இளகி நீரை ஏற்கத் தொடங்கி, மழையற்ற மாதங்களின் ஓட்டம் மேம்பட வாய்ப்பு உண்டு. ஆகவே, எந்த நிலத்தில், எதை அகற்றிவிட்டு, எந்த மரம் என்று கேட்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. சோலையையும் புல்வெளியையும் ஒன்றாகவே காப்பாற்ற வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. புல்வெளியைத் தரிசு என்று அரசுக் கோப்புகளில் எழுதிவைத்த காலம் நமக்கு மிகுந்த கேட்டைச் செய்திருக்கிறது.

கேள்வி: தேக்கடியில் பெய்யும் மழை எங்கள் வைகையின் நீர்ப்பிடிப்பில் சேருமா?
– வாசகர், கம்பம்

பதில்: இயற்கையாகச் சேராது. கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே நிற்கும் முகடே பிரிகோடு. அதற்கு அப்பால் பெய்வது பெரியாற்றில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போக வேண்டிய நீர். ஜான் பென்னிகுயிக் மேற்பார்வையில் கட்டப்பட்டு 1895-இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணை, அந்த நீரை உயர்த்தித் தேக்கி, முகட்டுக்கு அடியில் குடைந்த சுமார் 1.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பியது. லோயர் கேம்ப் வழியாக இறங்கும் அந்த நீர் சுருளியாற்றில் கலந்து வைகைக்கு வருகிறது. ஆகவே வைகை அணையின் நீர்வரத்தைப் படிக்கும்போது, வருசநாட்டிலும் மேகமலையிலும் பெய்த மழையால் வந்தது எவ்வளவு, சுரங்கத்தின் வழியாக வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது தங்கள் பகுதியின் காட்டையும் மண்ணையும் பொறுத்தது. இரண்டாவது முகட்டுக்கு அப்பால் உள்ள காட்டைப் பொறுத்தது.

கேள்வி: பாலாற்றில் ஆண்டில் பல மாதங்கள் மணல்தான் தெரிகிறது. ஆனாலும் ஆற்றுக்குள் தோண்டினால் நீர் ஊறியதாக முதியவர்கள் சொல்கிறார்கள். அந்த நீர் எங்கிருந்து வந்தது?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: பாலாற்றின் வடிநிலம் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என மூன்று மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது. அங்கிருந்து வரும் நீரில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாமல் ஆழ்ந்த மணல் படுகைக்குள்ளேயே நகர்கிறது. இருபுறத்து நிலத்தடி நீரும் ஆற்று மட்டத்தைவிட உயர்ந்திருந்த காலத்தில், அதுவும் படுகைக்குள் கசிந்து சேர்ந்தது. அந்த நீரை, படுகையில் நீளவாக்கில் வெட்டிய ஊற்றுக்கால்வாய்கள் வழியாக வயலுக்குக் கொண்டுபோய் நெல் விளைத்தார்கள். ஆண்டுதோறும் கால்வாயில் சேரும் மணலை ஊரார் கூடி அகற்றுவதும் வழக்கமாக இருந்தது. மணலை அள்ளிப் படுகையைத் தாழ்த்தியதாலும், கரையோரக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் நீர்மட்டத்தைக் கீழே இழுத்துவிட்டதாலும், இன்று பல இடங்களில் ஓட்டத்தின் திசையே மாறிவிட்டது. நிலம் ஆற்றுக்குக் கொடுத்தது போய், ஆற்றில் எப்போதாவது வரும் நீரையும் நிலம் உடனே இழுத்துக்கொள்கிறது. இதனால்தான் மேலே வெள்ளம் என்ற செய்தி வந்தும், கீழே உள்ள ஊர்களுக்கு நீர் வந்து சேரத் தாமதமாகிறது.

கேள்வி: எங்கள் ஊர்க் குளம் மானாவாரிக் குளம். நல்ல மழை பெய்த ஆண்டிலும் பாதிகூட நிறைவதில்லை. குளத்தைத் தூர்வாரியாகிவிட்டது. வேறு என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கயத்தாறு வட்டாரம்

பதில்: ஆற்றுக் காலிலிருந்து தண்ணீர் பெறாத குளத்துக்கு, அதன் சொந்த நீர்ப்பிடிப்பும் வரத்துக்கால்களுமே எல்லாம். குளத்தை ஆழப்படுத்தினால் கொள்ளளவு கூடும், வரத்து கூடாது. தாங்கள் பார்க்க வேண்டியது கரைக்கு மேலே உள்ள நிலத்தை.

முதலில் மண்ணின் இயல்பைக் கணக்கில் கொள்ளுங்கள். கரிசல் நிலம் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழைகள் அந்த வெடிப்புகளுக்குள் போய்விடும். குளத்துக்கு ஒரு சொட்டும் வராது. மண் ஊறிப் பருத்து வெடிப்பு மூடிய பிறகுதான் நீர் மேலோடத் தொடங்கும். எனவே மொத்தமாக எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்பதைவிட, அடுத்தடுத்த நாட்களில் பெய்ததா, இடைவெளி விட்டுப் பெய்ததா என்பதே தங்கள் குளத்தின் நிலையைத் தீர்மானிக்கிறது. விட்டு விட்டுப் பெய்த ஆண்டில் குளம் நிறையாததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

தொடர்ந்து பெய்தும் நிறையவில்லை என்றால், வரத்துக்கால் எங்கோ தடைபட்டிருக்கிறது. பெரிய ஆக்கிரமிப்பைத்தான் எல்லாரும் தேடுவார்கள்; அதற்கு முன் சாலைகளைப் பாருங்கள். நிலமட்டத்துக்கு மேல் மூன்றடி உயர்த்திப் போட்ட ஒரு சாலை, பாலம் இல்லாத இடத்தில், ஒரு புதிய முகடாக மாறிவிடுகிறது. அதற்கு மேலே பெய்த மழை சாலையோரமாகவே ஓடி, எங்கே குழாய்ப்பாலம் இருக்கிறதோ அங்கே கடந்து, வேறொரு குளத்துக்கோ நேராக ஓடைக்கோ போய்விடும். குளத்தின் நீர்ப்பிடிப்பில் ஒரு பங்கு, யாரும் அறியாமலே, வேறொன்றுக்குக் கைமாறியிருக்கும். இருக்கிற குழாய்ப்பாலமும் வரத்துக்காலின் தரைமட்டத்தைவிட உயரத்தில் வைக்கப்பட்டிருந்தால் அதனால் பயன் இல்லை. வீட்டுமனைப் பிரிவுகளின் சுற்றுச்சுவர்களையும், காற்றாலை, சூரியமின் நிலையங்களுக்குப் போட்ட பாதைகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்திலும், அ-பதிவேட்டிலும், புலப்படங்களிலும் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவான புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நல்ல மழை பெய்யும் நாளில், ஊரார் சிலர் சேர்ந்து, அந்த எண்களின் வழியே குளத்திலிருந்து மேலே நடந்து போய், நீர் எங்கே வழிமாறுகிறது என்று பார்த்து, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் பத்து முறை பார்த்தாலும் புலப்படாத இடம், மழைநாளில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தடை சாலையாக இருந்தால், புல எண்ணையும் படத்தையும் இணைத்து, குழாய்ப்பாலம் கோரும் மனுவைச் சாலைக்குப் பொறுப்பான துறைக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் கொடுங்கள். ஆக்கிரமிப்பாக இருந்தால், வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவருக்கு மனு கொடுத்து அந்தப் புறம்போக்கின் எல்லையை அளக்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிய வேண்டுமென்றால், மனுக்களைச் சித்திரை, வைகாசியிலேயே கொடுத்துவிடுவது நல்லது.